ஹோகனின் சிகரெட்

1896 அக்டோபரில் ஃபீல்டிங் யோஸ்ட் என்ற சட்ட மாணவர் கல்லூரி மாறினார். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலிருந்து பென்சில்வேனியா மாநிலத்தின் லஃபாயெட் கல்லூரிக்கு. படிப்புக்காக இல்லை. அந்த வாரம் லஃபாயெட் அணிக்கு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோடு கால்பந்து ஆட்டம் இருந்தது. பென்சில்வேனியா அதற்கு முன் 36 ஆட்டங்களாகத் தோற்றதே இல்லை. யோஸ்ட் இறங்கி ஆடினார், லஃபாயெட் 6-4 என்று ஜெயித்தது. கொஞ்ச நாளில் அவர் பழையபடி மேற்கு வர்ஜீனியாவுக்கே திரும்பி சட்டப் படிப்பை முடித்துவிட்டார். பின்னாளில் இதே யோஸ்ட் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஆனார். 1901இல் அவருடைய அணி அந்தப் பருவம் முழுக்க 550 புள்ளிகள் எடுத்தது. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது சைபர். ஒரே வாரத்துக்குக் கல்லூரி மாறிய ஆள் என்று யாரும் அவர் பெயரை அழிக்கவில்லை.

அடுத்தவர் ஜேம்ஸ் ஹோகன், 1904இல் யேல் அணியின் கேப்டன். வயது இருபத்தேழு. கல்விக் கட்டணம் கிடையாது, தங்க நல்ல அறைகள், சாப்பாடு இலவசம், நடுவில் கியூபாவுக்கு ஒரு உல்லாசப் பயணம். இதெல்லாம் போக, அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி அவரை நியூ ஹேவன் நகருக்குத் தன் ஏஜெண்டாக வைத்திருந்தது. அங்கே விற்கும் சிகரெட்டுக்கு அவருக்குக் கமிஷன். கேப்டன் ஹோகன் பெயரைச் சொல்லி மாணவர்கள் புகைத்தார்கள். 1905இல் ஒரு பத்திரிகை இதை எழுதியபோது நாடே திகைத்தது என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. யேல் திகைத்ததாகத் தெரியவில்லை.

இந்த இரண்டு பேரையும் முதலிலேயே கொண்டுவந்து நிறுத்தக் காரணம் இருக்கிறது. 2021க்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆள் சேர்க்கும் விதிகள் தளர்ந்துவிட்டன. வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். நினைத்தால் கல்லூரி மாறலாம். ‘ஆட்டத்தின் சமநிலை போச்சு, பணக்காரக் கல்லூரிகளே எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய்விடும், இதுவரை இல்லாத அநியாயம்’ என்று ஒரு பெரிய புலம்பல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ‘இதுவரை இல்லாத’ என்ற வார்த்தைதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது. யோஸ்ட் செய்ததற்கு இன்று ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்று பெயர். ஹோகன் செய்ததற்கு விளம்பர ஒப்பந்தம் என்று பெயர். நூற்றிச் சொச்சம் வருடம் தடை போட்டு, ஒளித்து, தண்டித்து, கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கே வந்திருக்கிறார்கள். நடுவிலிருந்த அந்த நூறு வருடம் யாருக்குச் சமநிலை கொடுத்தது என்பதுதான் என் கேள்வி.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நம்முடைய கால்பந்து இல்லை. நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, மோதிச் சாய்த்து, கஜம் கஜமாக நிலம் பிடிக்கும் ஆட்டம். இதைக் கல்லூரிகள் நடத்துகின்றன என்றதும் நம்மூர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடாது. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். 2022இல் பிக் டென் என்ற கல்லூரிக் கூட்டமைப்பு ஏழு வருட ஒளிபரப்பு உரிமையை விற்ற விலை சுமார் 700 கோடி டாலர். இத்தனைக்கும் நடுவில் ஓடுகிற பையனுக்கு மட்டும் பணம் கொடுத்தால் குற்றம். அதுதான் ஏற்பாடு.

அந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. 1905இல் ஆட்டத்தில் மாணவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வருடம் 62 கல்லூரிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. 1910இல் அதற்கு என்.சி.ஏ.ஏ. என்று பெயர் மாறியது. ஆள்பிடிப்பு கூடாது, பணம் கூடாது என்று ஆரம்பத்திலேயே எழுதி வைத்தார்கள். யாரும் கேட்கவில்லை, கேட்க வைக்க ஆளும் இல்லை. 1929 அக்டோபரில், பங்குச் சந்தை சரிந்த அதே மாதத்தில், கார்னகி அறக்கட்டளை நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஆள் அனுப்பி விசாரித்துத் தன் அறிக்கையை வெளியிட்டது. பெரும்பாலான கல்லூரிகள் ஏதோ ஒரு வழியில் வீரர்களுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தன. அறிக்கை அலமாரிக்குப் போனது.

1948இல்தான் பல் உள்ள ஒரு விதி வந்தது. அதற்கு ‘சானிட்டி கோட்’ என்று பெயர் வைத்தார்கள்; புத்தி தெளிந்த விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழை மாணவனாக இருந்தால் கல்விக் கட்டணம் மட்டும் கொடுக்கலாம், மற்றச் செலவுக்கு அவன் வேலை பார்க்க வேண்டும். மீறினால் ஒரே தண்டனை, சங்கத்திலிருந்து நீக்கம். ஏழு கல்லூரிகள் மாட்டின. அவற்றில் ஒன்றான வர்ஜீனியா பல்கலைக்கழகம் இதைப் பின்பற்ற மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. பகல் பூரா வகுப்பு, சாயங்காலம் பயிற்சி, அப்புறம் ஒருவன் எப்போது வேலைக்குப் போவான் என்பது அவர்கள் கேள்வி. 1950இல் நீக்கத்துக்கு ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவாக 111, எதிராக 93. மூன்றில் இரண்டு பங்கு தேவை, கிடைக்கவில்லை. அடுத்த வருடமே அந்த விதியைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது, விதியைக் காப்பாற்ற முடியாமல் போனதற்குக் காரணம் கெட்டவர்கள் அல்ல என்பது. மீறியவர்களைத் தண்டிக்க வேண்டிய மற்றவர்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

1956இல் சமரசம் வந்தது. பணத் தேவை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், ஆட்டத் திறமைக்காக மட்டுமே படிப்பு, அறை, சாப்பாடு, புத்தகம் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு டாலர்கூடக் கூடாது. ஐவி லீக் கல்லூரிகள் இதற்குள் வராமல், விளையாட்டுக்கு உதவித்தொகையே கிடையாது என்று 1954இல் ஒதுங்கிக்கொண்டன. யேலும் ஹார்வர்டும் அதோடு தேசியப் போட்டியிலிருந்து மெல்ல மறைந்தன. மீதிப் பேருக்குச் சம்பளம் என்பது படிப்பாக மாறியது. 1955இல் கொலராடோவின் ஒரு சிறிய கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று சொல்லி 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தக் காலத்தில்தான் என்.சி.ஏ.ஏ.வின் தலைமை நிர்வாகி வால்டர் பையர்ஸ் ‘மாணவ வீரர்’ என்ற சொற்றொடரை உருவாக்கி எல்லாக் கல்லூரிகளும் அதையே சொல்ல வேண்டும் என்று ஆக்கினார். வேலைக்காரர் என்ற சொல் நுழையாமல் இருக்கத்தான் அது. சொன்னது நான் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு 1995இல் வெளியான தன் நூலில் பையர்ஸே எழுதியிருக்கிறார்.

சமநிலை என்ற வாதம் இதற்குப் பிறகுதான் கோர்ட்டுகளில் பெரிதானது. வீரர்களுக்குக் காசு கொடுக்க விட்டால் பணமுள்ள கல்லூரி ஜெயித்துக்கொண்டே இருக்கும், பார்க்கிறவனுக்குச் சலித்துவிடும் என்ற வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சைமன் ராட்டன்பெர்க் என்ற பொருளியலாளர் 1956இல் பேஸ்பாலைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதன் அடித்தளத்தையே அசைத்தார். வீரர்கள் அணி மாறக் கூடாது என்று கட்டி வைத்தாலும், அவிழ்த்து விட்டாலும், திறமை கடைசியில் எங்கே அதிக மதிப்போ அங்கேதான் போய்ச் சேரும். விதி மாற்றுவது ஒன்றைத்தான்: அந்த மதிப்பு யார் பைக்குள் போகிறது என்பதை.

கல்லூரிக் கால்பந்தில் அது யார் பைக்குள் போனது? பயிற்சியாளர்களுக்கும் கட்டடங்களுக்கும். 2023இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பியபோது ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு. கிளெம்சன் பல்கலைக்கழகம் 2017இல் 5.5 கோடி டாலரில் வீரர்களுக்கென்று ஒரு கட்டடம் திறந்தது; உள்ளே சறுக்குமரம், முடிவெட்டும் கடை, மினி கோல்ஃப் எல்லாம் இருக்கிறது. பதினேழு வயதுப் பையனின் கையில் காசு கொடுக்கக் கூடாது, ஆனால் அவன் சறுக்கி விளையாட மாடியிலிருந்து குழாய் வைக்கலாம். அதே காலத்தில் விதிப்புத்தகம் எவ்வளவு தடித்திருந்தது என்றால், வீரர்களுக்கு இடைத்தீனியாக பேகல் ரொட்டி கொடுக்கலாம், அதன் மேல் க்ரீம் சீஸ் தடவினால் அது சாப்பாடு ஆகிவிடும், கூடாது. பல வருடம் நிஜமாகவே இப்படி இருந்தது.

*

எழுதப்பட்ட விதிகளை மட்டும் பேசினால் வரலாற்றில் பாதி விட்டுப்போகும். ஆள்பிடிப்பின் மிகப் பெரிய கட்டுப்பாடு எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று. தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவில்லை.

அது தளர்வதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் டஃபி டாகெர்ட்டி, 1960களில் தெற்கிலிருந்து வீரர்களை வடக்கே கூட்டி வந்தார். டெக்சாஸின் போமாண்ட்டிலிருந்து பப்பா ஸ்மித், அதே மாநிலத்திலிருந்து ஜீன் வாஷிங்டன், தென் கரோலினாவிலிருந்து ஜார்ஜ் வெப்ஸ்டர். சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் நுழைய முடியாத பையன்கள் பல நூறு மைல் தள்ளி, பனியில் போய் ஆடினார்கள். 1965, 1966 இரண்டு வருடமும் மிஷிகன் ஸ்டேட் நாட்டின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று. 1966 நவம்பர் 19 அன்று நோட்ர டேமுக்கு எதிராக 10-10 என்று சமனில் முடிந்த ஆட்டத்தை இன்றும் பேசுகிறார்கள்.

வடக்கே போகாதவர்கள் கறுப்பினக் கல்லூரிகளுக்குப் போனார்கள். லூசியானாவின் சின்ன ஊரான கிராம்பிளிங்கில் எடி ராபின்சன் 1941இலிருந்து 1997 வரை பயிற்சியாளராக இருந்து 408 ஆட்டங்கள் ஜெயித்தார். அங்கிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர்களின் வரிசை நீளமானது. பக் பியூக்கனன் 1963இல் ஏ.எஃப்.எல். தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டார். பத்து இருபது மைதானங்களில் நிரம்பியிருக்க வேண்டிய திறமை ஒரு சின்னக் கல்லூரியில் குவிந்திருந்தது. குவித்தது அநீதி.

1970 செப்டம்பர் 12 அன்று தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அலபாமாவின் பர்மிங்ஹாமுக்கு வந்து, முழுக்க வெள்ளையர்களாக இருந்த அலபாமா அணியை 42-21 என்று தோற்கடித்தது. கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாம் அன்று ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் அலபாமா மனம் மாறியது என்று ஒரு அழகான கதை உண்டு. அழகாக இருப்பதாலேயே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டிய கதை. வில்பர் ஜாக்சன் அதற்கு முன்பே அலபாமாவில் சேர்ந்திருந்தார். முதல் வருட மாணவர்கள் ஆடக் கூடாது என்ற விதியால் அன்று மைதானத்தில் இல்லை, அவ்வளவுதான். கதவைத் திறந்தது பல வருடத்துப் போராட்டமும் வழக்குகளும். ஒரு சனிக்கிழமை ஆட்டம் இல்லை.

கதவு திறந்ததும் தெற்கின் பல்கலைக்கழகங்கள் தங்கள் வாசலிலேயே இருந்த திறமையைச் சேர்க்க ஆரம்பித்தன. அலபாமா 1970களில் மூன்று தேசியப் பட்டங்களுக்கு உரிமை கொண்டாடுகிறது. மிஷிகன் ஸ்டேட் 1966க்குப் பிறகு தேசியப் பட்டம் பார்க்கவில்லை. கிராம்பிளிங் 1970களிலும் டக் வில்லியம்ஸ் போன்ற ஒரு குவார்ட்டர்பேக்கைத் தந்தது, ஆனால் அந்தப் பழைய வெள்ளம் வற்றத் தொடங்கிவிட்டது. ஆள்பிடிப்பில் அதுவரை நடந்த மிகப் பெரிய தளர்வு இதுதான். விளைவைச் சமநிலை என்ற தராசில் மட்டும் நிறுத்தினால், தெற்கின் சில பெரிய கல்லூரிகள் ஏறின, சில இடங்கள் காலியாயின. பழையபடி இருந்திருக்கலாம் என்று யாராவது சொல்வார்களா? சமநிலையை ஒரு அறமாகப் பேசுகிறவர்களிடம் நான் கேட்க நினைப்பது இதைத்தான். வீரன் தான் விரும்பிய இடத்துக்குப் போக முடிகிறதா என்பது ஒரு கேள்வி. கோப்பை எத்தனை ஊருக்குப் போகிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் முதல் கேள்விதான் எப்போதும் அடிபடுகிறது.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். இறுக்கிய விதிகளில் ஒன்று வேலை செய்தது. ஒரு கல்லூரி எத்தனை பேருக்கு உதவித்தொகை தரலாம் என்பதற்கு 1973இல் முதலில் 105 என்று வரம்பு வந்தது, 1978இல் 95 ஆனது, 1994இல் 85. அதற்கு முன் பெரிய கல்லூரிகள் தங்களுக்கு வேண்டாதவனையும் எதிரிக்குப் போகக் கூடாது என்று சேர்த்து உட்கார வைத்தன. வரம்பு வந்ததும் அந்தப் பெஞ்ச் ஆட்கள் மற்ற ஊர்களில் ஆடக் கிளம்பினார்கள். 2007இல் அப்பலேச்சியன் ஸ்டேட் என்ற கீழ்ப்பிரிவு அணி மிஷிகனை அதன் சொந்த மைதானத்திலேயே 34-32 என்று வீழ்த்தியதில் இதற்கு ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கவனியுங்கள், இந்த விதி கல்லூரியைக் கட்டியது, வீரனை இல்லை.

*

டெக்சாஸின் டாலஸ் நகரில் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது, சுருக்கமாக எஸ்.எம்.யூ. சின்னக் கல்லூரி, பெரிய பணக்காரர்கள். 1970களின் கடைசியில் எண்ணெய், நிலம் என்று டாலஸில் பணம் புரண்டபோது, பழைய மாணவர்கள் அணிக்காகப் பை திறந்தார்கள். எரிக் டிக்கர்சன் என்ற அபாரமான ஓட்டக்காரர் பள்ளி முடிக்கும் வருடம் தங்க நிற ட்ரான்ஸ் ஆம் காரில் வந்து இறங்கினார். அந்தக் காரை வாங்கிக் கொடுத்தது யார் என்பது டெக்சாஸில் கிட்டத்தட்ட நாட்டார் கதை ஆகிவிட்டது. கார் வேறொரு கல்லூரி சார்பில் வந்தது என்றும், பையன் இவர்களிடம் வந்து சேர்ந்தான் என்றும் சொல்லிச் சிரிப்பார்கள். 1982இல் எஸ்.எம்.யூ. ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை.

பக்கத்துக் கல்லூரிகளும் இதையேதான் செய்துகொண்டிருந்தன. அந்தக் கூட்டமைப்பில் அந்தப் பத்தாண்டில் தண்டனை வாங்காத கல்லூரிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எஸ்.எம்.யூ. செய்த தவறு, தண்டனைக் காலத்திலேயும் நிறுத்தாதது. 13 வீரர்களுக்குச் சுமார் 61,000 டாலர் கொடுத்தது வெளிவந்தது. 1987 பிப்ரவரி 25 அன்று என்.சி.ஏ.ஏ. அந்த வருடம் முழுக்க அணியை முடக்கியது. இதை மரண தண்டனை என்றே அழைத்தார்கள். அடுத்த வருடம் ஆட ஆள் இல்லாமல் கல்லூரியே கைவிட்டது. வீரர்களுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அதனால் பணத்தை உடனே நிறுத்தாமல் படிப்படியாக முடிக்கலாம் என்று ஒத்துக்கொண்டவர்களில் ஒருவர் கல்லூரி ஆட்சிக்குழுத் தலைவர் பில் கிளெமென்ட்ஸ். விஷயம் வெளியே வந்தபோது அவர் டெக்சாஸ் மாநில ஆளுநர்.

1989இல் புதுப் பையன்களோடு திரும்பி வந்த எஸ்.எம்.யூ. ஹூஸ்டனிடம் 95-21 என்று தோற்றது. அடுத்த இருபது வருடத்தில் தோல்வியைவிட வெற்றி அதிகமாக இருந்தது ஒரே ஒரு வருடம்தான், 1997. கூட்டமைப்பே 1996இல் கலைந்துபோனது. தண்டனை சமநிலையைக் காப்பாற்றியதா? டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் மேலே போயின, டாலஸ் காலியானது. மைதானத்துக்குப் பக்கத்திலேயே பணம் வைத்திருந்த ஒரு சின்னக் கல்லூரி பெரியவர்களை மிரட்டிய காலம் அதோடு முடிந்தது. அப்படி ஒரு தண்டனையைப் பெரிய கால்பந்துக் கல்லூரி எதற்கும் கொடுக்க என்.சி.ஏ.ஏ.வுக்கு மறுபடி துணிச்சல் வரவில்லை.

எஸ்.எம்.யூ.வின் கதையில் இன்னொரு அத்தியாயம் உண்டு. விதிகள் தளர்ந்த பிறகு, 2024இல் அது ஏ.சி.சி. என்ற பெரிய கூட்டமைப்பில் சேர்ந்தது. ஒன்பது வருடம் ஒளிபரப்புப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துச் சேர்ந்தது. அதே டாலஸ் பணக்காரர்கள் ஈடு கட்டினார்கள். முதல் பருவத்திலேயே பன்னிரண்டு அணித் தேசியப் போட்டிக்குள் வந்துவிட்டது. பென் ஸ்டேட்டிடம் 38-10 என்று நன்றாக உதை வாங்கியது, அது வேறு விஷயம்.

*

2021 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. படிப்பு சார்ந்த சலுகைகள் பற்றிய குறுகிய வழக்குதான். ஆனால் 1984இல் ஒளிபரப்பு வழக்கில் நீதிபதி ஸ்டீவன்ஸ் போகிறபோக்கில் எழுதிய, கல்லூரி வீரர்களுக்குச் சம்பளம் கூடாது என்ற கருத்தைத்தான் கிட்டத்தட்ட நாற்பது வருடமாக என்.சி.ஏ.ஏ. கேடயமாகப் பிடித்திருந்தது. அந்தக் கேடயம் உடைந்தது. பத்து நாளில், ஜூலை 1 அன்று, விளம்பர வருமானத்துக்கான தடை நீங்கியது. அதே வருடம் ஒரு முறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை என்றானது. 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்றானது.

இப்போது கணக்குப் பார்ப்போம். 2014 முதல் 2020 வரை ஏழு பருவம், வருடத்துக்கு நான்கு அணிகள் தேசிய அரையிறுதிக்குப் போயின. மொத்தம் 28 இடம். அலபாமா 6, கிளெம்சன் 6, ஒஹையோ ஸ்டேட் 4, ஓக்லஹோமா 4. நான்கு கல்லூரிகளுக்கு 20 இடம். காசு கொடுத்தால் குற்றமாக இருந்த காலத்துச் சமநிலை இது. தளர்வுக்குப் பின் 2021 முதல் 2023 வரை 12 இடம். அந்த நான்கு பேருக்கு 3. சின்சினாட்டி, டி.சி.யூ. மாதிரிப் பெயர்கள் உள்ளே வந்தன. இதை வைத்துத் தளர்வு சமநிலை கொண்டுவந்துவிட்டது என்று நான் கூவப்போவதில்லை. மிஷிகன் மூன்று முறை, ஜார்ஜியா இரண்டு முறை. இவர்கள் ஒன்றும் ஏழைகள் அல்ல. 2024 பட்டம் வென்ற ஒஹையோ ஸ்டேட்டின் வீரர்களுக்கு வருடம் சுமார் 2 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது என்று அதன் விளையாட்டு இயக்குநரே சொன்னார். மூன்று வருடக் கணக்கு சின்னக் கணக்கு. ஆனால் பயமுறுத்தியபடி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல இது போதும்.

ஏன் நடக்கவில்லை? முன்பு பெரிய கல்லூரி கொடுக்க முடிந்ததெல்லாம் பேரும், கட்டடமும், தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும் பாதையும். அதில் அலபாமாவோடு யாரும் போட்டி போட முடியாது. அங்கே மூன்றாவது ஆளாகப் பெஞ்சில் இருப்பதுகூட ஒரு முதலீடாக இருந்தது. இப்போது அந்த மூன்றாவது ஆள் வேறு ஊருக்குப் போனால் முதல் ஆள், கையில் காசும் உண்டு. பெஞ்ச் கரைகிறது. 85 பேர் வரம்பு ஒரு காலத்தில் செய்த வேலையை இன்று வீரனே தன் காலால் செய்கிறான்.

இந்தியானா பல்கலைக்கழகம் இதற்கு ஆகச் சிறந்த உதாரணம். பெரிய அணிகளிலேயே அதிகத் தோல்விகளைச் சேர்த்து வைத்திருந்த அணிகளில் அதுவும் ஒன்று. 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. கர்ட் சிக்னெட்டி என்ற பயிற்சியாளர் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார், கூடவே அங்கிருந்து ஒரு டஜன் வீரர்களும் வந்தார்கள். 2024இல் 11 வெற்றி. அடுத்த பருவம் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா ஹைஸ்மன் விருது வாங்கினார். 16 ஆட்டம், 16 வெற்றி, தேசியப் பட்டம். பழைய விதிகளில் இது சத்தியமாக நடந்திருக்காது.

ஆனால் ஜேம்ஸ் மேடிசனுக்கு என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. மேலே ஏணி போட்டால் கீழே இருப்பவனின் தோளில்தான் அது நிற்கும். கேம் வார்ட் என்ற குவார்ட்டர்பேக் இன்கார்னேட் வேர்ட் என்ற, கால்பந்து உலகில் பலரும் கேள்விப்படாத கல்லூரியில் ஆரம்பித்து, வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி என்று ஏறி, 2025 தொழில்முறைத் தேர்வில் முதல் ஆளாகப் போனார். அவருக்கு நல்லது. வாஷிங்டன் ஸ்டேட் அவர் இடத்துக்கு ஜான் மேட்டீரை வளர்த்தது. ஒரு வருடத்தில் அவரை ஓக்லஹோமா கொண்டுபோனது, பயிற்சியாளரும் வேறு ஊருக்குக் கிளம்பினார். ஏற்கெனவே அவர்களுடைய கூட்டமைப்பை விட்டுப் பத்துக் கல்லூரிகள் ஒளிபரப்புப் பணத்தைத் தேடிப் போயாச்சு.

கறுப்பினக் கல்லூரிகளுக்கு நடந்தது இன்னும் கொடுமையான சுருக்கம். 2021 டிசம்பரில் அந்த வருடத்தின் முதல்நிலைப் பள்ளி வீரர் டிராவிஸ் ஹன்டர், ஃப்ளோரிடா ஸ்டேட்டை விட்டுவிட்டு ஜாக்சன் ஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ். கிராம்பிளிங்கின் காலம் திரும்பி வருகிறது என்று பலர் கண் கலங்கினார்கள். ஒரே பருவம். சாண்டர்ஸ் கொலராடோவுக்குப் போனார், ஹன்டரும் போனார், 2024 ஹைஸ்மன் விருதை அங்கிருந்து வாங்கினார். திறந்த அதே கதவு வழியாகவே வந்தது, போனது.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். பழைய வீரர்களுக்கு இழப்பீடாகச் சுமார் 280 கோடி டாலர். இனி ஒவ்வொரு கல்லூரியும் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம் என்றானது; முதல் வருடத்துக்கு வரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். எஸ்.எம்.யூ.வைக் கொன்றது 61,000 டாலர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியாட்கள் தரும் ஒப்பந்தம் 600 டாலருக்கு மேல் போனால் அதில் நிஜமான வியாபாரம் இருக்கிறதா என்று ஒரு அமைப்பு சரிபார்க்கும். ஹோகனின் சிகரெட் ஏஜென்சி இதில் தாராளமாகத் தேறியிருக்கும். அவர் விற்றது நிஜச் சிகரெட். உதவித்தொகை வரம்பு போய், அணியில் மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வந்தது. இதுவரை காசே வாங்காமல், வெறும் ஆசைக்காக அணியில் ஒட்டிக்கொண்டிருந்த பையன்களுக்கு இடம் போனது. அவர்களுக்கு ஏதாவது வழி செய்யாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வில்கன் பிடிவாதம் பிடித்ததால்தான், ஏற்கெனவே இருந்தவர்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது.

இந்தியானாவின் அந்தப் பட்ட அணியில் எலைஜா சாரட் என்று ஒரு பந்து பிடிப்பவர் இருந்தார். ஜேம்ஸ் மேடிசனிலிருந்து சிக்னெட்டியோடு வந்தவர். அதற்கும் முன்னால், முதல் வருடம், அவர் பென்சில்வேனியாவின் லொரெட்டோ என்ற சிற்றூரில் செயிண்ட் ஃபிரான்சிஸ் என்ற சிறிய கத்தோலிக்கக் கல்லூரியில் ஆடினார். அவரை முதலில் நம்பி இடம் கொடுத்தது அந்தக் கல்லூரிதான். 2025 மார்ச்சில் அது ஒரு அறிவிப்பு வெளியிட்டது. வீரர்களுக்குப் பணம், வருடா வருடம் இடமாற்றம் என்று மாறிவிட்ட சூழலில் தங்களால் தாக்குப்பிடிக்க முடியாது. 2026இலிருந்து முதல் பிரிவை விட்டு மூன்றாம் பிரிவுக்குப் போகிறோம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது.